ஓர் எண் முதன்மை எண்ணா? சோதிக்கும் வழிகள்

மாணவர்களே, 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணிகள் இல்லாத, 1இலும் பெரிய முழுவெண்ணே முதன்மை எண் எனக் கற்றுள்ளீர்கள். 7, 13 போன்றவற்றை உடனே இனங்காண்பீர்கள். ஆனால் 221? அது 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடவில்லை என்றதும் சிலர் முதன்மை எண் என எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். எதுவரை வகுக்க வேண்டும் என அறிந்தால் இத்தவறு நேராது.

1. வர்க்கமூலம் வரை சோதித்தல்

மாத்தளையில் ஒருவர் 211 கராம்புக் கன்றுகளைப் பல சம நிரைகளில் நட விரும்புகிறார் எனக் கொள்வோம். ஓர் எண் இரு காரணிகளின் பெருக்கமாயின், அவற்றுள் ஒன்றாவது அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை விஞ்சாது. 15² = 225 ஆகும். எனவே 15இலும் குறைந்த 2, 3, 5, 7, 11, 13 ஆகிய முதன்மை எண்களால் வகுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது. ஆகவே 211 முதன்மை எண். அவர் விரும்பியவாறு நட முடியாது. கன்றுகள் 221 எனின், 221 = 13 × 17. நிரைக்கு 17 வீதம் 13 நிரைகளில் நடலாம்.

2. பெரிய எண்ணைச் சோதித்தல்

2³¹ − 1 = 2 147 483 647. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 46 340. அதுவரை 4 700இற்கும் மேற்பட்ட முதன்மை எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுக்க வேண்டுமா?

முதலில் சிறிய உதாரணம் ஒன்றை நோக்குக. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இவ்விரு காரணிகளையும் 22ஆல் (2 × 11) வகுத்தால் மீதி 1. 8ஆல் வகுத்தால் மீதி 7 அல்லது 1. இது தற்செயல் அன்று. 2³¹ − 1இற்கு முதன்மைக் காரணி இருப்பின், அதனை 62ஆல் (2 × 31) வகுக்க மீதி 1 ஆகவும், 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 ஆகவும் இருத்தல் வேண்டும். இந்நிபந்தனைகளுக்கு அமையும் முதன்மை எண்கள் 46 340 வரை 84 மாத்திரமே. அவற்றுள் எதனாலும் அவ்வெண் வகுபடாது. இவ்வாறே 1772இல் கணிதமேதை ஒயிலர் அது முதன்மை எண் எனக் காட்டினார்.

3. குணகங்கள் தரும் சோதனை

ஈருறுப்புக் கோவையின் கனத்தை விரித்தால் குணகங்கள் 1, 3, 3, 1. நடுவிலுள்ளவை 3ஆல் வகுபடும். நான்காம் வலுவில் 1, 4, 6, 4, 1. இங்கு 6 ஆனது 4ஆல் வகுபடாது. ஐந்தாம் வலுவில் 1, 5, 10, 10, 5, 1. நடுவிலுள்ளவை யாவும் 5ஆல் வகுபடும். வலு முதன்மை எண்ணாயின் மாத்திரமே இவ்வாறு அமையும்.

ஆனால் பெரிய எண்ணுக்கு முழு விரிவையும் எழுத இயலாது. 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், அவரின் மாணவர்களான நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் இப்பண்பைச் சுருக்கிப் பயன்படுத்தினர். எந்த முழுவெண்ணையும் ஐயமின்றிச் சோதிக்கவும், இலக்கங்கள் கூடும்போது வேலை கட்டுக்கடங்காமல் பெருகாதிருக்கவும் வழி கண்டனர். நீங்கள் வகுப்பில் செய்யும் விரிவே அதன் அடிப்படை.

நினைவிற் கொள்க

• சுட்டி சேர்த்தி எண்ணாயின், 2இன் அவ்வலுவிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் எண்ணும் சேர்த்தி எண்ணாகும்: 2⁴ − 1 = 15.
• சுட்டி முதன்மை எண்ணாயின் விடையும் முதன்மை எண் என முடிவு செய்யாதீர்கள். 2047ஐ நினைவிற் கொள்க.

பயிற்சி

1. 323 முதன்மை எண்ணா?
2. 2¹⁵ − 1 சேர்த்தி எண் என வகுக்காமலே காட்டுக.

விடைகள்: 1. இல்லை; 323 = 17 × 19. 2. சுட்டி 15 = 3 × 5, சேர்த்தி எண். எனவே 2¹⁵ − 1 உம் சேர்த்தி எண்.