மண்ணடிக்கு மண்ணுக்கு அடியிலேயே போகலாம்!
பஸ் புதைந்த அண்ணாசாலைக்குக் கீழே ஒரு பயணம்

(நமது நிருபர்)

சென்னை:

"சப்வே" என்றால் சென்னைக்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் தேங்கி, பஸ் மூழ்கி நிற்குமே, அதுதான்.

இது அந்த சப்வே அல்ல. பட்டணத்தின் வயிற்றுக்குள் ஓடுகிற ரயில்.

நேற்று காலை தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினேன். எஸ்கலேட்டர் பக்கத்தில் ஒரு பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள்ளே எக்ஸ்ரே படம். ஓடுகிற படியில் ஒரு காலை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்ப்பா. ஓ.பி. சீட்டு குடுத்து முடிச்சிடுவாங்க. பஸ்ல போனா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதுன்னு புள்ள சொன்னான். இதுல கால வைக்க பயமா கீது."

லிப்ட் இருக்கிறதே அம்மா என்று கூட்டிக்கொண்டு போனேன். லிப்ட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்சம் நேரம் ஆயிற்று. பலகை இருக்கிறது. வயதானவர்கள் படிக்கும்படி பெரிதாக இருந்தால் புண்ணியமாகப் போகும்.

கண்ணாடிக் கதவு

கீழே பிளாட்பாரத்தில் நின்றால் தண்டவாளமே தெரியாது. குறுக்கே கண்ணாடிக் கதவு. ரயில் வந்து நின்ற பிறகுதான் அது திறக்கும்.

மின்சார ரயில் பாதையில் தண்டவாளத்தைக் கடந்தவர் பலி என்று எழுதி எழுதி எனக்குக் கை சலித்துவிட்டது. செல்போன் பேசிக்கொண்டே போன மாணவன், காய்கறிக் கூடையோடு கடந்த அம்மாள், எத்தனை பேர்! இந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்தபோது அதுதான் மனசில் வந்தது. சுரங்க ஸ்டேஷன்களில் யாரும் தவறிக்கூட தண்டவாளத்தில் விழ முடியாது.

ரயிலுக்கு 4 பெட்டி. ஆரம்பத்தில் ஒரு பெட்டியில் இரட்டைக் கட்டணம் வாங்கி "ஸ்பெஷல் கிளாஸ்" நடத்தினார்கள். சீட்டு காலியாக ஓடியதுதான் மிச்சம். 2020-ல் அதை எடுத்துவிட்டுப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். நல்ல காரியம்.

தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி, ஐகோர்ட்டு, அடுத்தது சென்ட்ரல். பெரியம்மா இன்னும் பயம் தெளியாமல் கம்பியைப் பிடித்திருக்கும்போதே இடம் வந்துவிட்டது.

சென்ட்ரலில்தான் உஷார் வேண்டும். அங்கே இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன. வெளியே போகப் பல வாசல். பலகையைப் பார்க்காமல் மேலே ஏறினால், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள். அப்புறம் வண்டிகளுக்கு நடுவே ஓட வேண்டியதுதான். பெரியம்மாவை ஆஸ்பத்திரி வாசல் வரை விட்டுவிட்டுத் திரும்பினேன். சீட்டு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கே என்ன வாங்கலாம்?

கடைக்காரர்களுக்கு இந்தத் தடம் ஒரு வரப்பிரசாதம். துணி எடுக்க எம்.சி. ரோடா? வண்ணாரப்பேட்டை. இரும்புச் சாமானா? மண்ணடி. பாரிமுனை, பர்மா பஜார் போக ஐகோர்ட்டு. ரேடியோ, கம்ப்யூட்டர் சாமான் வாங்க ரிச்சி தெருவா? அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

சென்ட்ரலுக்கும் அரசினர் தோட்டத்துக்கும் நடுவே கூவத்துக்கு அடியில் ரயில் போகிறது. வாசனை வராமல் கூவத்தைக் கடக்க இது ஒன்றுதான் வழி!

கட்டணம் 10 ரூபாயில் ஆரம்பம். முன்பு 70 ரூபாய் வரை இருந்ததை 2021-ல் 50 ரூபாயாகக் குறைத்தார்கள். பயண அட்டை, செல்போன் டிக்கெட் என்றால் 20 சதவீதம் தள்ளுபடி. தெரியாதவர்கள் கவுண்டரில் முழுக்காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பஸ் புதைந்த இடம்

எல்.ஐ.சி. தாண்டி ஆயிரம் விளக்கு நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே வெறும் இருட்டு. பக்கத்து சீட்டு வாலிபர் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இருட்டுக்கு மேலேதான் 2017 ஏப்ரல் 9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அண்ணாசாலை திடீரென்று உள்வாங்கியது. மாநகர பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டன. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பியது அவர்கள் செய்த புண்ணியம். சுரங்கம் தோண்டும்போது மண் இளகியதால் வந்த வினை.

அதற்கு முன்னும் பின்னும் அண்ணாசாலை ஆண்டுக்கணக்கில் ஒருவழிப் பாதையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். 2019 பிப்ரவரியில்தான் டி.எம்.எஸ்.-வண்ணாரப்பேட்டை பாதை திறந்தது. பழைய வாடிக்கை எல்லாக் கடைக்கும் திரும்பி வரவில்லை. அந்தக் கணக்கை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

இப்போது மயிலாப்பூர், புரசைவாக்கம் வியாபாரிகள் தகர வேலிக்குப் பின்னால் கடை நடத்துகிறார்கள். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள 2-வது கட்டத்துக்கு 2024-ல் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. முடிந்தால் நல்லதுதான். முடிகிற வரைக்கும் வாடகை யார் கட்டுவது?

சைதாப்பேட்டை தாண்டியதும் ரயில் வெளிச்சத்துக்கு ஏறி, கிண்டி, ஆலந்தூர் வழியாக விமான நிலையத்தில் நின்றது. அதோடு பாதை முடிந்தது. கிளாம்பாக்கம் போகவேண்டிய ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு இறங்கி, "இன்னும் எம்மாந்தூரம்?" என்று கேட்டது. வெளியூர் பஸ் நிலையத்தை 2023 டிசம்பரில் அங்கே திறந்தார்கள். ரயில் இன்னும் போய்ச் சேரவில்லை.

வேலை முடித்து இரவு கடைசி ரயிலில் திரும்பினேன். டோல்கேட்டில் என்னோடு இறங்கியவர்கள் பத்துப் பேர் இருக்கும். அதில் இரண்டு பேர் பெண்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள். வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்றுகூட இல்லை. தனி ஆட்டோ ஒன்று நின்றது. இரண்டு தெரு தள்ளிப் போக 80 ரூபாய் கேட்டார்.

விமான நிலையத்திலிருந்து வந்ததற்கு 50 ரூபாய்கூட ஆகவில்லை. அந்தப் பெண்கள் நடக்க ஆரம்பித்தார்கள். நானும் பின்னாலேயே நடந்தேன்.