பூட்டிய கடையும் திறந்திருந்த கணினியும்

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் காலை ஏழரை மணிக்கு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. புறக்கோட்டையில் மொத்தப் புடைவை வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் பேசினார். "தம்பி, பில் மெஷின் வேலை செய்யுதில்ல. இங்கிலீஷில என்னமோ எழுதிக் கிடக்கு. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்களேன்" என்றார்.

நான் கணினிப் பொறியியலாளன் அல்லன். சில கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பவன். ஆனாலும் போனேன். ஸ்டொக், விற்பனை, அதற்கும் மேலாக வெளியூர்க் கடைகளின் கடன் பாக்கி எல்லாம் இருந்த தரவுத்தளம் வெறுமையாகிக் கிடந்தது. எஞ்சியிருந்தது ஒரேயொரு குறிப்பு. தரவுகள் வேண்டுமானால் இத்தனை பிட்கொயின் அனுப்பு என்று அதில் எழுதியிருந்தது.

கடையின் இரும்புக் கதவில் மூன்று பூட்டுகள். இரவுக் காவலாளி ஒருவர். வாசலில் கமெரா. ஒன்றும் உடைக்கப்படவில்லை. திருடன் பூட்டை உடைத்து வந்தவனல்லன். திறந்திருந்த வாசலால் வந்தவன். அந்த வாசலைத் திறந்து வைத்தது மென்பொருளைப் பொருத்தியவர்கள். ஹாஜியாருக்கு அப்படியொரு வாசல் இருப்பதே தெரியாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் 65,535 இலக்கமிட்ட வாசல்கள் உண்டு. போர்ட் என்று சொல்வார்கள். அநேகமானவை மூடியே இருக்கும். தரவுத்தள மென்பொருள் ஒன்றைப் பொருத்தினால் அது தனக்கென ஒரு வாசலில் உட்கார்ந்து, யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லக் காத்திருக்கும். மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேர்வர் வழமையாக உட்காருவது 1433ஆம் வாசலில். யாருக்குப் பதில் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காத்திருந்தால், அதே கணினிக்குள்ளிருந்து வரும் கேள்விக்கு மாத்திரமே பதில் கிடைக்கும். 0.0.0.0 என்றிருந்தால் எந்த வழியால் யார் வந்தாலும் காது கொடுக்கும். மென்பொருளை வாங்கும்போதே இந்த இரண்டில் ஒன்று தீர்மானிக்கப்பட்டுத்தான் வருகிறது. நாம் அதைப் பார்ப்பதுமில்லை, மாற்றுவதுமில்லை.

இது ஒன்றும் புதிய சங்கதியல்ல. 2003 ஜனவரி 25ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, ஸ்லாமர் என்ற கணினிப் புழு உலகெங்கும் பரவியது. அதன் முழு அளவே 376 பைட். இந்தப் பந்தியை விடச் சிறியது. பத்தே நிமிடத்தில், தாக்கக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதன் வசமாகின. தொகை சுமார் 75,000. தென்கொரியாவில் இணையம் ஸ்தம்பித்தது. அமெரிக்காவில் பேங்க் ஒஃப் அமெரிக்காவின் பணம் வழங்கும் இயந்திரங்கள் பல நின்று போயின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் பலருக்குத் தம் கணினியில் தரவுத்தளம் ஒன்று இருப்பதே தெரியாது. வேறு ஏதோ மென்பொருளை வாங்கியிருந்தார்கள். அதன் வயிற்றுக்குள் எஸ்.கியூ.எல். சேர்வரின் சிறிய பதிப்பு வந்திருந்தது. தெரியாத பொருளுக்கு யார் திருத்தம் போடுவார்?

மைக்ரோசொப்ட் அதிலிருந்து பாடம் படித்தது என்றே சொல்ல வேண்டும். 2004இல் வின்டோஸ் எக்ஸ்பீயின் இரண்டாவது சேர்விஸ் பெக்குடன் பயர்வோல் தானாகவே இயங்கும் நிலையில் வந்தது. எஸ்.கியூ.எல். சேர்வர் 2005இன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு, வெளிக் கணினிகளுக்குக் கதவை மூடிய நிலையிலேயே வந்தது. திறக்க வேண்டுமானால் நாமே திறக்க வேண்டும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பில் மென்பொருள் விற்பவர்கள் சிலரது வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். முதல் வேலை பயர்வோலை நிறுத்துவது. அடுத்தது மூடியிருந்த தரவுத்தள வாசலைத் திறப்பது. மூன்றாவது, கணினியின் ஒரு கோப்புறையை 'எல்லோருக்கும் முழு அனுமதி' என்று பகிர்வது. அதன் பிறகுதான் மென்பொருளைப் போடுகிறார்கள்!

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கெட்ட எண்ணம் எதுவுமில்லை. இது முழுக்க முழுக்க வியாபாரக் கணக்கு. கதவு மூடியிருந்தால், மேல்மாடிக் களஞ்சியக் கணினி கீழ்மாடிக் காசாளரின் கணினியோடு இணையாது. அன்றைக்கே கடைக்காரர் கோபமாக அழைப்பார். ஆள் அனுப்ப வேண்டும், செலவு. கதவு திறந்திருந்தால் எல்லாம் உடனே வேலை செய்யும். மீதிப் பணமும் கைக்கு வந்துவிடும். திருடன் வருவது எட்டு மாதம் கழித்து. அந்த நட்டம் விற்றவருடையதல்ல, வாங்கியவருடையது.

பெரிய கம்பனிகளும் இதே கணக்கைத்தான் போட்டன. மொங்கோ டீபி என்ற தரவுத்தளம் கடவுச்சொல் எதுவுமின்றியே இயங்கத் தொடங்கும். பழைய பதிப்புகள் எல்லா முகவரிகளிலும் காது கொடுத்தன. 2017 ஜனவரியில் இப்படித் திறந்து கிடந்த பல்லாயிரம் தரவுத்தளங்களைத் திருடர்கள் அழித்து, கப்பமாகப் பிட்கொயின் கேட்டார்கள். பணம் கட்டியவர்களில் பலருக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம், திருடர்கள் பிரதி எடுக்காமலே அழித்திருந்தார்கள். ஒருவன் விட்டுச் சென்ற குறிப்பை இன்னொருவன் அழித்துத் தன்னுடையதை வைத்ததும் உண்டு. அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்துதான், அதே கணினிக்கு மட்டும் பதில் சொல்லும் நிலை எல்லோருக்கும் வழமையானது.

ஹாஜியாரின் கடைக்குத் திரும்புவோம். அங்கே இன்னொரு விடயமும் நடந்திருந்தது. தெஹிவளை வீட்டிலிருந்தே அன்றைய விற்பனையைத் தொலைபேசியில் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். நியாயமான ஆசைதான். பொருத்தியவர் ரவுட்டரில் 1433ஆம் வாசலை அப்படியே இணையத்துக்குத் திறந்து விட்டார். 'எஸ்.ஏ.' என்ற தலைமைக் கணக்கின் கடவுச்சொல், அவர் எல்லாக் கடைகளுக்கும் போடும் அதே இலகுவான சொல். உலகில் எங்கோ உள்ள கணினிகள் இரவு பகலாக முகவரி முகவரியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஹாஜியாரை யாரும் தேடி வரவில்லை. தட்டிய கதவு திறந்தது, அவ்வளவுதான்.

கப்பம் கட்ட வேண்டாம் என்று நான் சொன்னேன். அவரும் கட்டவில்லை. பென் டிரைவ் ஒன்றில் ஐந்து வாரத்துக்கு முந்திய பிரதி இருந்தது. பெருநாளுக்கு முந்திய அந்த ஐந்து வாரம்தான் அவருக்கு வருடத்தில் கனத்த வியாபாரம். பில் புத்தகங்கள் சிலவற்றிலிருந்து ஓரளவு எடுத்தோம். மீதிக்கு அவர் கல்முனை, அக்குறணை, புத்தளம், கிண்ணியா என்று ஒவ்வொரு கடையாக அழைத்து, "உங்கட பாக்கி எவ்வளவு?" என்று கேட்டார். பெரும்பாலானோர் சரியான தொகையைச் சொன்னார்கள். ஒருவர் ஹாஜியார் நினைத்ததை விடக் கூடுதலாகவே சொன்னார். இருவர் மட்டும் இன்றுவரை பார்த்துச் சொல்வதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கடையில் என்ன நிலை என்று அறிவது கஷ்டமில்லை. கணினியின் கட்டளைத் திரையில் நெட்ஸ்டாட் கட்டளையை ஓடவிட்டு, 1433, 3389 போன்ற இலக்கங்களுக்கு முன்னால் 0.0.0.0 இருக்கிறதா என்று விடயம் தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தாலே ஆபத்து என்றில்லை. இரண்டு கணினிகள் பேச வேண்டிய கடையில் அது தேவைப்படலாம். ஆனால் பயர்வோலில் அந்த மற்றக் கணினியின் முகவரிக்கு மட்டும் அனுமதி இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைபையும் காசாளர் கணினியும் ஒரே வலையமைப்பில் இருந்தால், தேநீர் குடிக்க வந்தவரும் உங்கள் களஞ்சியத்துக்குள் நிற்கிறார் என்று அர்த்தம். வீட்டிலிருந்து விற்பனை பார்க்க வேண்டுமானால் வீ.பி.என். மூலம் செய்யலாம். கொஞ்சம் வேலை கூட, அவ்வளவுதான்.

இந்த வருடம் ஹாஜியார் வேறொரு மென்பொருள் வாங்கினார். பொருத்த வந்த இளைஞர் வழமை போல முதலில் பயர்வோலை நிறுத்தப் போனார். "தம்பி, அத ஏன் மூடுறீங்க?" என்று ஹாஜியார் கேட்டார். "இல்லாட்டி கனெக்ட் ஆகாது ஹாஜியார்" என்றார் அவர். "கனெக்ட் ஆகாம விடுங்க. எந்தெந்த மெஷினுக்கு மட்டும் திறக்கணும் எண்டு எழுதித் தாங்க. அத செஞ்சு காட்டின பிறகு மீதிச் சல்லியத் தாரேன்" என்றார். இளைஞர் தம் அலுவலகத்துக்கு மூன்று தடவை அழைத்துப் பேசினார். வேலை முடிய அஸர் நேரமாகிவிட்டது. இரண்டு கணினிகளும் இணைந்தன, பயர்வோலும் இயங்கிக்கொண்டிருந்தது. ஹாஜியார் காசோலையில் கையொப்பமிட்டார்.