கவிழாமல் மேடேறும் வண்டி

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிக்கரை ஏறும் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்புவதைப் பலரும் பார்த்திருப்பர். பாறைமேல் ஏற்றி விளையாடும் ரிமோட் வண்டியும் இப்படித்தான் மல்லாந்து விழுகிறது. காரணம் ஒன்றே. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைத் தாண்டினால் வண்டி நில்லாது.

கணக்கு எளியதே. ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 12 செ.மீ. முன்னாலும் தரைக்கு 12 செ.மீ. மேலும் இருப்பதாகக் கொள்வோம். 45 பாகைச் சரிவே எல்லை. உயரத்தை 8 செ.மீ. ஆக்கினால் சுமார் 56 பாகை. மேலும் 2 செ.மீ. முன்னே நகர்த்தினால் 60 பாகை. அதனால்தான் கனமான பேட்டரியை முன்புறம் தாழ்வாக வைக்கிறார்கள். வேகத்தை வெடுக்கெனக் கூட்டினாலோ, இந்த எல்லைக்கு முன்பே முன்பக்கம் தூக்கிவிடும்.

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறக்கிய 26 கிலோ பிரக்யான் ஊர்தியில் இன்னொரு வழியைக் காணலாம். அதன் ஆறு சக்கரங்களும் மூட்டுள்ள கைகளில் பொருந்தியவை. ஒன்று கல்மேல் ஏறினாலும் மற்றவை தரையை விடுவதில்லை. வேகம் விநாடிக்கு 1 செ.மீ.தான்! அப்படியும் 4 மீட்டர் அகலக் குழி எதிர்ப்பட்டபோது, பூமியிலிருந்து ஆணையிட்டு அதைத் திருப்பிவிட்டனர். (இத்தகைய ஊர்திகளைச் சோதிக்க நிலவு மண் போன்ற பொடி தந்தது நம் நாமக்கல் மாவட்டப் பாறை.)

பொம்மை கவிழ்ந்தால் நிமிர்த்தலாம். டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவர் அடியில் சிக்குவார். சேற்றில் புதைந்த டிரெய்லரை இழுக்கச் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே மாட்டுவோர் உண்டு. அந்த இழுப்பே முன்பக்கத்தைத் தூக்கிவிடும். அச்சுக்குக் கீழுள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இல்லாத டிராக்டரைச் செங்குத்தான கரையில் பின்னோக்கி ஏற்றுவதே நல்லது. கனமான பின்பாகம் அப்போது மேட்டுப்பக்கம் இருக்கும்.