தோற்கும் குழுவைப் போற்றுதல்

வெற்றியை விழைதல் மக்கள் இயல்பு. ஓட்டப் பந்தயமாயினும் மற்போராயினும், வென்றவரைச் சூழ்ந்து மாலையும் ஆரவாரமும் மிகும். தோற்றவர் தலை கவிழ்ந்து தனியே செல்வர். உலக வழக்கு இதுவாக இருக்க, ஆண்டு பலவாக வெற்றியினும் தோல்வியையே மிகுதியாகப் பெறும் ஒரு கால்பந்துக் குழுவைக் காண்பதற்குப் பல்லாயிரவர் பொருள் செலவிட்டு, பனியிலும் மழையிலும் தவறாது செல்கின்றனர். அவர்கள் பெறுவது யாது? அவர்தம் செயலில் இன்பம் எஞ்சியுள்ளதா, அன்றி வெறும் பழக்கமே அவர்களை இழுத்துச் செல்கின்றதா? இவ்வினாவை ஆராய்வதற்கு இங்கிலாந்து நாட்டு எவர்ட்டன் கழகத்தின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

மெர்சி ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரம் லிவர்ப்பூல். அந்நகரத்துத் தேவாலயம் ஒன்றைச் சார்ந்த இளைஞர்கள் 1878ஆம் ஆண்டில் தொடங்கிய குழுவே, அடுத்த ஆண்டில் எவர்ட்டன் என்னும் பெயர் பெற்றது. 1888இல் பன்னிரு கழகங்கள் ஒன்றுகூடி ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கப் போட்டியைத் தொடங்கியபோது, அப்பன்னிரண்டனுள் எவர்ட்டனும் ஒன்றாக இருந்தது. முதலில் ஆன்ஃபீல்டு என்னும் திடலில் ஆடிய இக்கழகம், திடலின் வாடகை பற்றி எழுந்த பூசலால் 1892இல் அவ்விடம் நீங்கிக் குடிசன் பார்க் என்னும் புதிய திடலுக்குக் குடிபெயர்ந்தது. வெறுமையான பழைய திடலில் புதிதாகத் தோன்றியதே லிவர்ப்பூல் கழகம். நீல உடை எவர்ட்டனுக்கும் செவ்வுடை லிவர்ப்பூலுக்கும் அடையாளமாயின. ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பையும் தம்பி நீலத்தையும் போற்றுவது அந்நகரில் இன்றும் காணத்தக்கது.

எவர்ட்டனின் பழம்பெருமை சிறிதன்று. அக்கழகம் 1891 முதல் 1987 வரை ஒன்பது முறை நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்றது. டிக்சி டீன் என்னும் வீரர் 1927-28ஆம் பருவத்தில் சங்கப் போட்டியில் மட்டும் 60 கோல்கள் அடித்தார். அவ்வெண்ணிக்கையை இங்கிலாந்தின் முதல் தரப் போட்டியில் அவருக்குப் பின் எவரும் எட்டவில்லை. மிகச் சிறந்ததல்லது வேறெதுவும் போதாது என்று பொருள்படும் இலத்தீன் தொடரைக் கழகம் தன் முத்திரையில் பொறித்துக்கொண்டது. பிற்காலத்தில் அத்தொடரே அதன் ஆர்வலர்க்குப் பெருமையும் ஆயிற்று; நெஞ்சில் தைக்கும் முள்ளும் ஆயிற்று.

இங்குப் போட்டியின் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் முதல் தரப் போட்டி 1992 முதல் பிரீமியர் லீக் என்று வழங்குகின்றது. அதில் 20 கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகமும் ஏனைய ஒவ்வொன்றுடனும் தன் திடலில் ஒருமுறையும் அயல் திடலில் ஒருமுறையுமாக 38 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. பருவ முடிவில் கடைசி மூன்று இடங்களில் நிற்பவை இரண்டாம் தரத்திற்கு இறக்கப்படும். இறங்கும் கழகம் மதிப்பை மட்டும் இழப்பதில்லை. தொலைக்காட்சி உரிமையால் வரும் பெருவருவாய் சுருங்கும். சிறந்த ஆட்டக்காரர் வேறிடம் செல்வர். அலுவலகத்திலும் திடலிலும் பணிபுரியும் எளியோர் வேலை இழத்தலும் உண்டு. ஆதலின் பட்டியலின் அடியில் நிகழும் போராட்டம், முடியில் நிகழும் போராட்டத்தினும் கொடியது எனலாம்.

எவர்ட்டன் 1954 முதல் முதல் தரத்திலிருந்து இறங்காது நின்றது. எனினும் 1995இல் வென்ற எஃப்.ஏ. கோப்பைக்குப் பின் 2025ஆம் ஆண்டு வரை பெருங்கோப்பை எதுவும் அதன் கைக்கு எட்டவில்லை. அண்மை ஆண்டுகளில் வீரர்களை வாங்குவதற்குப் பெரும்பொருள் செலவழிந்தது, பயிற்றுநர் பலர் வருவதும் போவதுமாக இருந்தனர், ஆட்டமோ தளர்ந்தது.

2022 மே 19ஆம் நாள் மாலை குடிசன் பார்க்கில் நிகழ்ந்தது, காண்போர் உள்ளத்தினின்றும் நீங்காத நிகழ்ச்சி. ஆட்டத்திற்கு முன்னரே திடலைச் சுற்றிய தெருக்களில் மக்கள் திரண்டு, நீல நிறப் புகையெழுப்பி வீரர்களின் வண்டியை எதிர்கொண்டனர். ஆட்டம் தொடங்கிய பின்னரோ, எதிர்த்து வந்த கிறிஸ்டல் பேலஸ் குழு இடைவேளைக்கு முன்பே இரண்டு கோல்கள் அடித்துவிட்டது. அரங்கம் ஊமையாயிற்று. ஆயினும் இடைவேளைக்குப் பின் மைக்கேல் கீன் ஒரு கோலும், ரிச்சார்லிசன் ஒரு கோலும் அடித்தனர். 85ஆம் நிமிடத்தில் டொமினிக் கால்வர்ட்-லூவின் பாய்ந்து தலையால் பந்தை வலைக்குள் செலுத்தினார். 3-2 என எவர்ட்டன் வென்றது. முதல் தரத்தில் அதன் இடமும் உறுதியாயிற்று. அன்று முதியோரும் சிறுவரும் ஒருவரையொருவர் தழுவி அழுதனர். அக்குழு அன்று பெற்றது கோப்பை அன்று, இறங்காமை ஒன்றே.

மறு ஆண்டும் அதே இடர் வந்தது. 2023 மே 28ஆம் நாள், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், போர்ன்மத் குழுவை எவர்ட்டன் எதிர்த்தது. அன்று லெஸ்டர் கழகம் தன் ஆட்டத்தில் வென்றமையால், எவர்ட்டன் சமநிலை பெற்றிருந்தாலும் வீழ்ந்திருக்கும். 57ஆம் நிமிடத்தில் அப்துலாயே டுக்கூரே தொலைவிலிருந்து அடித்த ஒரே கோல் கழகத்தைக் காத்தது. எவர்ட்டன் 36 புள்ளியும், இரண்டாம் தரத்திற்கு இறங்கிய லெஸ்டர் 34 புள்ளியும் பெற்றன. அந்த லெஸ்டரோ 2016இல் நாட்டின் முதன்மைப் பட்டம் வென்ற கழகம். ஏழே ஆண்டுகளில் முடியில் இருந்தது அடிக்கு வந்தது. சகடக்கால் போல வருவது செல்வம் மட்டும் அன்று. விளையாட்டின் வெற்றியும் அத்தகையதே.

மூன்றாம் ஆண்டில் வந்த துன்பம் திடலுக்குப் புறத்தே தோன்றியது. மூன்று ஆண்டுகளில் ஒரு கழகம் 10.5 கோடிப் பவுனுக்கு மேல் நட்டம் அடையலாகாது என்பது அக்காலத்தில் பிரீமியர் லீக்கின் விதியாக இருந்தது. எவர்ட்டன் அவ்வெல்லையைக் கடந்தது என்று 2023 நவம்பரில் அதன் கணக்கிலிருந்து 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் 2024 ஏப்ரலில் வேறொரு கணக்காண்டின் பொருட்டு மேலும் 2 புள்ளிகள் கழிக்கப்பட்டன. திடலில் ஆடியவர் ஈட்டியதைக் கணக்கு எழுதியவர் இழந்தனர். எனினும் அப்பருவத்தில் குழு 48 புள்ளி ஈட்டி, 8 போக 40 புள்ளியுடன் பிழைத்தது.

இவற்றையெல்லாம் கேட்கும் ஒருவர், “இஃது இன்பமா? காசு கொடுத்துத் துன்பத்தை வாங்குவதன்றோ?” என்று வினவலாம். அவ்வினா தள்ளத்தக்கதன்று. நுழைவுச் சீட்டின் விலை எளிய குடும்பத்திற்குச் சுமையாகின்றது. ஞாயிற்றுக்கிழமை அமைதியாகக் கழிய வேண்டிய வீட்டில், முன்னாள் தோல்வி ஒரு துக்கம் போலக் குடிபுகுகின்றது. பக்கத்துத் திடலின் லிவர்ப்பூல் கழகம் 2020இலும் 2025இலும் நாட்டுப் பட்டம் வென்றமையால், பள்ளியிலும் பணியிடத்திலும் நீலத்தார் கேட்கும் ஏளனமும் சிறிதன்று. பட்டம் வெல்லும் கனவு அற்ற நிலையில், வீழாமையை மட்டுமே வேண்டி நிற்பது சலிப்பைத் தருவதே. இனி வருவதில்லை என்று சினந்து எழுந்து செல்வோரும் உண்டு.

ஆயினும் இன்பம் என்பது யாது என நுணுகி நோக்குதல் வேண்டும். தமிழ் இலக்கணத்தார் உள்ளத்து உணர்ச்சிகளை எட்டு மெய்ப்பாடாக வகுத்தனர். உவகை அவற்றுள் ஒன்றே. ஏனைய ஏழும் உவகை அல்ல. எனினும் நாடகம் காண்பார் உவகையை மட்டும் நாடிச் செல்வதில்லை. தளர்ந்த குழுவின் ஆர்வலர் ஒரே மாலைப் பொழுதில் எட்டினையும் காண்கின்றனர். எதிரி பந்துடன் நெருங்குங்கால் அச்சம். நடுவர் தவறினார் எனத் தோன்றுங்கால் வெகுளி. கோல் விழுங்கால் அழுகை. பட்டியலின் அடியைக் காணுங்கால் இளிவரல். எதிர்பாராத அடி ஒன்று வலையைச் சேருங்கால் மருட்கை. தம் நிலையைத் தாமே எள்ளுங்கால் நகை. வீரர் தளராது ஓடுங்கால் பெருமிதம். முடிவில் பிழைத்தபோது உவகை. எப்பொழுதும் வெல்லும் குழுவின் ஆர்வலர்க்கு வெற்றி அன்றாட உணவு போன்றது. அதன் சுவை நாவில் நிற்பதில்லை. நெடும் பசிக்குப் பின் உண்பவனுக்கே கூழும் அமிழ்தாகின்றது.

வேறு சிலர், “இரண்டாம் தரத்திற்கு இறங்கிவிட்டால் அங்கே வெற்றிகள் பல கிடைக்குமே; அதுவன்றோ மகிழ்ச்சி!” என்பர். இதற்குச் சண்டர்லாந்து கழகம் விடை கூறும். அது 2017இல் முதல் தரத்திலிருந்து வீழ்ந்தது. வீழ்ந்த இடத்திலும் வெற்றி காத்திருக்கவில்லை. 2018இல் மூன்றாம் தரத்திற்கும் சரிந்தது. மீண்டும் முதல் தரத்தை எய்துவதற்கு 2025 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அந்நகர மக்கள் தம் கழகத்தைக் கைவிட்டனரா? 2018 டிசம்பர் 26ஆம் நாள், மூன்றாம் தர ஆட்டம் ஒன்றைக் காண 46,000 பேருக்கு மேல் அவ்வரங்கில் கூடினர். வெற்றியொன்றே மக்களை ஈர்ப்பதாயின் இக்கூட்டம் கூடியிராது.

கூடியது எதனால்? தோழமையால். ஆண்டுதோறும் அதே இருக்கை. அருகில் அதே முகங்கள். பாட்டன் கைப்பிடித்து வந்த சிறுவன், நரை எய்திய பின் தன் பெயரனை அழைத்து வருகின்றான். எவர்ட்டனைப் போற்றியவர் பலருடைய சாம்பல், அவர்தம் விருப்பப்படி, குடிசன் பார்க்கின் விளிம்பில் புதைக்கப்பட்டுள்ளது. டிக்சி டீனும் 1980இல் அத்திடலில் ஆட்டம் காணச் சென்றபோது ஆங்கேயே உயிர் நீத்தார். 2015இல் எவர்ட்டன் ஆர்வலரும் லிவர்ப்பூல் ஆர்வலரும் ஒன்றுகூடி, ஆட்ட நாள்களில் உணவுப் பொருள் திரட்டி வறியோர்க்கு வழங்கும் அமைப்பொன்றைத் தொடங்கினர். பகைவராய்ப் பாடுவோர் பசியின் முன் உறவினராயினர். 2025 மே 18ஆம் நாள் எவர்ட்டன் ஆடவர் குழு அத்திடலில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிச் சவுத்தாம்ப்டனை 2-0 என வென்றது. பட்டம் எதுவும் அன்று கிட்டவில்லை. பட்டியலிலும் குழு நடுவிற்குக் கீழேயே நின்றது. எனினும் உள்ளே இடம் பெறாத மக்களும் பெருந்திரளாகச் சுற்றுத் தெருக்களில் நின்று விடைகொடுத்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஆற்றங்கரையில் புதிய அரங்கு அவர்களை வரவேற்றது. பழைய திடலோ இடிபடாமல் மகளிர் குழுவிற்கு உரியதாயிற்று.

ஆயின் பற்றுக்கும் எல்லை உண்டு. 2022இல் வெற்றிக் களிப்பில் கூட்டம் திடலுக்குள் புகுந்தது; வென்றவர் மகிழ்ச்சி தோற்று நின்றவர்க்கு அச்சமாதல் தகாது. குழு தோற்றமைக்காக வீரரை இழித்துரைப்பதும், வீட்டாரிடம் சினத்தைக் காட்டுவதும் அன்பின் செயல் ஆகா. அவ்வாறே, எல்லாவற்றையும் வாய்மூடிப் பொறுத்தலும் அன்பு ஆகாது. கழகத்தை நடத்துவோர் நெறி தவறிய காலத்தில் எவர்ட்டன் ஆர்வலர் கூடி நின்று கண்டனம் தெரிவித்தனர். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் வீரர்களுக்குக் குரல் கொடுத்தனர். நண்பனிடத்துக் குறை கண்டால் இடித்துரைத்தலும், இடர் வந்தபோது விலகாமையும் ஆகிய இரண்டும் நட்பின் கடமை என்பது தமிழ்ச் சான்றோர் கண்ட அறம்.

எனவே, தளர்ந்த கழகத்தைப் போற்றுவதில் இன்பம் உண்டா என்னும் வினாவிற்கு விடை இதுவாகும். வெற்றியை மட்டும் இன்பம் எனக் கொள்வார்க்கு அங்கே இன்பம் இல்லை. அவர்கள் வேறு கொடியைத் தேடிச் செல்லலாம். ஒரு திடலையும் ஒரு தெருவையும் ஒரு தலைமுறையையும் தம்முடையனவாகக் கொண்டார்க்கோ, துன்பத்தோடு கலந்த இன்பம் ஒன்று உண்டு. அது வாரந்தோறும் கிட்டுவதன்று. சில பருவங்களில் ஒருமுறையேனும் கிட்டுமா என்பதும் உறுதியன்று. கிட்டும் நாளில், மழையில் நனைந்து காத்திருந்தவனுக்கே அது முழுமையாக உரியதாகின்றது. நிழல் தரும்போது மரத்தடியில் அமர்வோர் பலர். இலை உதிர்ந்த காலத்தில் அதன் வேருக்கு நீர் வார்ப்போர் சிலர். தளிர் தோன்றும் நாளில் அம்மரத்தைக் கண்டு கண்ணீர் மல்க மகிழ்பவர் அச்சிலரே ஆவர்.