மிச்சம் வேறு, எச்சில் வேறு
உணவு வங்கி பற்றி ஒரு விளக்கம்

முகாம் வாழ்க்கையை அறிந்த உங்களுக்குச் சோற்றுப் பொதியின் கதையை நான் சொல்லத் தேவையில்லை. காலையில் சமைத்துக் கட்டிய பொதி, வாகனம் பிந்தி, மாலை நான்கு மணிக்கு வந்து சேரும். பிரித்தால் புளித்த மணம் அடிக்கும். அப்படி வந்த பொதிகளைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கக் கிடங்கு வெட்டிப் புதைத்த ஒரு நாள் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கொடுத்தவர்களின் மனம் நல்லது. கொடுத்த முறைதான் பிழைத்துப் போயிற்று.

கடைகளிலும் உணவகங்களிலும் மிஞ்சும் உணவைப் பழுதாகாமலும் மனிதரின் மதிப்புக் குறையாமலும் பசித்தவரிடம் சேர்க்க உலகின் பல நாடுகள் ஓர் ஒழுங்கை வகுத்துள்ளன. அதற்கு உணவு வங்கி என்று பெயர். அது எப்படி இயங்குகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

ஒரு தாய் சொன்ன யோசனை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்னும் நகரம் உண்டு. அங்கே புனித வின்சன் டி போல் சபையின் இலவச உணவுச் சாலையில் ஜோன் வான் ஹெங்கல் என்பவர் தொண்டராக இருந்தார். மரங்களில் பறிக்கப்படாமல் வீணாகும் தோடம்பழங்களைச் சேர்த்து ஒரு பழைய பால் வண்டியில் ஏற்றி வருவது அவர் வழக்கம். பல பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய், கடைகள் குப்பையில் எறியும் நல்ல உணவை எடுத்தே தன் பிள்ளைகளை வளர்ப்பதாக அவரிடம் கூறினார். பணத்தை வைப்பதற்கு வங்கி இருப்பதுபோல, உணவை வைத்து எடுக்கவும் ஓர் இடம் இருந்தால் நல்லது என்பது அந்தத் தாயின் எண்ணம்.

புனித மரியாள் பங்கு பாவனையற்ற ஒரு கட்டடத்தையும் 3,000 டொலரையும் கொடுத்தது. 1967ஆம் ஆண்டில் உலகின் முதலாவது உணவு வங்கி அங்கே தொடங்கியது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் இறாத்தல் உணவு பகிரப்பட்டது. பிரான்சில் 1984ஆம் ஆண்டு செசில் பிகோ என்னும் அருட்சகோதரி ஒரு கத்தோலிக்க நாளிதழில் எழுதிய கட்டுரை, ஐரோப்பாவின் முதல் உணவு வங்கி உருவாகத் தூண்டுதலாயிற்று.

வியாபாரிகள் கொடுக்கும் முறை

1. பிரித்தெடுத்தல்: விற்கப்படாத, ஆனால் பழுதில்லாத உணவையே கொடுக்கலாம். ஒருநாள் கழிந்த பாண், உருவம் கோணிய மரக்கறி, பெட்டி நசிந்தும் உள்ளே பழுதில்லாத பொருள் ஆகியன மிச்சம். ஒருவர் உண்ட தட்டிலிருந்து திரும்பி வந்தது எச்சில். அது எக்காலத்திலும் கொடையாகாது.

2. உடன்படிக்கை: எந்தப் பொருள், எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வந்து எடுப்பது என்பதை வியாபாரியும் வங்கியும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுகின்றனர். நினைத்தபோது கொடுப்பது நீடிக்காது.

3. சூடும் குளிரும்: சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேலே சூடாகவோ 5 பாகைக்குக் கீழே குளிராகவோ வைத்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அப்படி விடுவது ஆபத்து. சோற்றில் சிலவகைக் கிருமிகள் விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அன்று நாம் பொதிகளைப் புதைத்தது சரியே.

4. சீட்டு: உணவின் பெயர், சமைத்த நேரம், எதுவரை உண்ணலாம் என்ற விபரம் பொதியின்மேல் இருக்க வேண்டும். நிறையும் பதிவேட்டில் எழுதப்படும்.

5. பகிர்வு: பெரும்பாலான உணவு வங்கிகள் வீடு வீடாகக் கொடுப்பதில்லை. வந்ததை நிறுத்து, சோதித்து, களஞ்சியப்படுத்தி, பதிவுசெய்த பங்குகள், சமையற்கூடங்கள், சிறுவர் இல்லங்கள் போன்றவற்றுக்கு அனுப்புகின்றன. முதலில் பழுதாகக்கூடியது முதலில் வெளியேறும்.

வியாபாரிக்கு என்ன பயன்?

எறிவதற்கும் செலவுண்டு. பல நாடுகளில் கொடைக்கு வரிச்சலுகையும் உண்டு. ஆயினும் உண்டவருக்கு நோய் வந்தால் வழக்கு வருமே என்ற அச்சம் வியாபாரிகளைத் தடுத்து வந்தது. நல்லெண்ணத்துடன் கொடுப்பவரை, பாரிய கவலையீனம் இருந்தாலன்றி, வழக்கிலிருந்து காக்கும் சட்டத்தை அமெரிக்கா 1996ஆம் ஆண்டு இயற்றியது. பிரான்ஸ் 2016இல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் விற்காத நல்ல உணவை அழிக்கக்கூடாது எனவும், தொண்டு நிறுவனங்களுடன் உடன்படிக்கை செய்ய வேண்டும் எனவும் அங்கே சட்டம் உள்ளது.

தேவை பெரியது. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி தொன் உணவு வீணாயிற்று. இதில் 60 வீதம் வீடுகளிலும் 28 வீதம் உணவகங்கள் போன்ற இடங்களிலும் 12 வீதம் கடைகளிலும் கழிந்தது.

வாங்குபவரின் உரிமை

இலவசம் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலாவதித் திகதி கடந்ததை ஏற்காதீர்கள். ரின் மீன் வந்தால் பேணியைத் தடவிப் பாருங்கள். வீங்கியிருந்தால், ஒழுகினால், கறள் ஊடுருவியிருந்தால், விளிம்பில் நசிந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மணமில்லை என்பதால் மட்டும் உணவு நல்லதென்று எண்ணவேண்டாம். பழுதானதைத் திருப்பிக் கொடுப்பது நன்றிகெட்ட செயலாகாது. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றும் செயல் அது.

நாம் எங்கே தொடங்கலாம்?

பெரிய கட்டடமும் குளிரூட்டிய லொறியும் இல்லாமலும் சிறிதாகத் தொடங்கலாம். ஒரு மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ பங்கின் தொண்டர் குழுவோ ஒரு பேக்கரியுடனும் இரண்டு மரக்கறிக் கடைகளுடனும் பேசலாம். பாண், மரக்கறி, அரிசி, பருப்பு ஆகியவற்றுடன் நின்றுகொள்ளுங்கள். குளிரூட்டும் வசதி வரும்வரை சமைத்த சோறு, இறைச்சி, மீன், பால் வேண்டாம். தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுங்கள். ஒரு தராசும் ஒரு கொப்பியும் போதும். வந்தது எவ்வளவு, போனது எவருக்கு என்று நாள்தோறும் எழுதி, எல்லாரும் பார்க்கத்தக்கதாக வையுங்கள். கணக்கு மறைந்தால் நம்பிக்கையும் மறைந்துவிடும்.

கமக்காரராகிய உங்களுக்கு இது முற்றிலும் புதியதன்று. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடும்படி லேவியர் நூல் கற்பிக்கின்றது. அப்படி விடப்பட்ட கதிரைப் பொறுக்கியே ரூத்து தன் மாமியைக் காப்பாற்றினாள். ஐயாயிரம் பேர் உண்டபின் மிஞ்சிய துண்டுகளையும் வீணாக்காமல் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் செய்தார் நம் ஆண்டவர்.

உணவு வங்கி ஒரு பாலம் மட்டுமே. உங்கள் காணிக்கும் கிணற்றுக்கும் விதைநெல்லுக்கும் அது ஈடாகாது. அவற்றைக் கேட்கும் குரலை ஒரு பை அரிசிக்காக நாம் தாழ்த்தவும் கூடாது. மீண்டும் விதைத்து அறுக்கும் காலத்தில், விலை விழுந்து பூசணியும் தக்காளியும் தோட்டத்திலேயே அழுகும் நாள் வரலாம். பீனிக்ஸ் நகரின் வங்கிக்கு வழிகாட்டியவையும் பறிப்பாரற்ற பழங்களே. அந்த நாளில் இந்த வங்கியில் வைப்பிடுபவர்கள் நீங்களாக இருப்பீர்கள். இன்று வரிசையில் நிற்பவரை மதிப்போடு நடத்த அந்த நினைவு ஒன்றே போதும்.