எது விரைவு? எட்டு இணைப் பாத்திச் சோதனை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அது பானைக்குப் பொருந்தும், வயலுக்குப் பொருந்தாது. மடுல்கெல்லப் பகுதி போன்ற மலைச்சரிவுகளில் ஒரு தட்டின் மண் அடுத்த தட்டில் இராது. காலையில் சுறுசுறுப்பான கை நண்பகலில் தளரும். ஆகவே உருளைக் களைகருவி ஒருமுறை விரைந்து ஓடியதைக் கண்டு அதற்குப் பணங் கொடுத்தல் முறையன்று. கைக்களையெடுப்பினும் அது விரைவானதா என்பதைக் கமக்காரர் தம் வயலிலேயே சோதித்தறியலாம்.

செய்முறை

இக்கருவி வரிசையாக நட்ட வயலுக்கே ஏற்றது. அத்தகைய வயலில் எட்டு இடங்களில் அருகருகே ஒரே அளவான இரு பாத்திகளைக் குறித்தல் வேண்டும். ஒன்றில் கையாலும் மற்றதில் கருவியாலும் ஒருவரே களை நீக்குக. எப்பாத்திக்கு எம்முறை, எது முதலில் என்பவற்றை நாணயஞ் சுண்டித் தீர்மானிக்க. களை ஒரே அளவு நீங்கும்வரை சென்ற நிமிடங்களை எழுதுக. இரண்டும் சமமாயின் அவ்விணையை விட்டு வேறோரிணை செய்க.

கணக்கு

இரு முறைக்கும் வேற்றுமை இல்லையெனக் கொள்வோம். அப்போது கருவி வெல்வது நாணயத்தில் தலை விழுவது போன்றதே. எட்டு முறை சுண்டினால் 256 வகை முடிவுகள் உண்டு. எட்டும் தலையாவது 1 வகை. ஏழு தலையாவது 8 வகை. ஆக 256இல் 9, நூற்றுக்கு மூன்றரை. நூற்றுக்கு 5க்குக் குறைந்ததைத் தற்செயலெனக் கொள்ளாமை ஆராய்ச்சியாளர் வழக்கம். எனவே ஏழு வெற்றி போதும். ஆறு மட்டுமாயின் வாய்ப்பு 256இல் 37, அது போதாது.

1710ஆம் ஆண்டிலேயே ஜோன் ஆபத்நொட் என்பவர் இலண்டன் நகரின் 82 ஆண்டுப் பிறப்புப் பதிவுகளை இவ்வாறே நாணயக் கணக்கால் ஆராய்ந்தார்.

எச்சரிக்கை

இஃது ஒருபக்கச் சோதனை. “கருவி விரைவானதா?” என்னும் கேள்வியை வேலை தொடங்குமுன் எழுதிவைத்தவருக்கே இக்கணக்குச் செல்லும். முடிவைக் கண்டபின் வென்ற பக்கத்தைப் பிடிப்பவர் இரு பக்கங்களையும் எண்ணல் வேண்டும். அவருக்கு வாய்ப்பு 256இல் 18, நூற்றுக்கு ஏழு. அதே ஏழு வெற்றி அவருக்குப் போதாது.

விரைவு உண்டென்பதை மட்டுமே இச்சோதனை காட்டும்; எவ்வளவு என்பதைக் காட்டாது. எட்டு இணைகளிலும் மிஞ்சிய நிமிடங்களைக் கூட்டி, வயல் முழுவதற்கும் கணக்கிட்டு, மிஞ்சும் கூலியைக் கருவியின் விலையோடு ஒப்பிட்ட பின்னரே வாங்குக.