எண்ணெய்க் கேனும் நெய்க் கேனும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, டிபன் கடை நடத்தும் அன்பர் ஒருவரின் மகன் ஒரு தகரக் கேனைக் காட்டினார். நீண்டு குறுகிய மூக்கு. அடிப்பக்கத்தை அழுத்தினால் நெய் சொட்டும்.

"தோசைக்கு அளவாக நெய் விட இப்படி யாரும் செய்ததில்லை மாமா. கடன் வாங்கியாவது பேட்டன்ட் எடுக்கப்போகிறேன்."

ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டர்கள் கையில் நான் பார்த்த ஆயில் கேனேதான் அது! சொன்னேன். "அது எண்ணெய்க்கு, இது நெய்க்கு. பயன் புதிதுதானே?" என்றார். நியாயமான கேள்வி. பலருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு பொருளுக்குக் காப்புரிமை கோரும்போது, பழைய பொருள்களோடு ஒப்பிடப்படுவது அதன் அமைப்பு. பழைய பொருள் இருந்தபடியே புதிய வேலையையும் செய்யுமானால், பயனை மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

1997-இல் அமெரிக்காவில் இப்படி ஒரு வழக்கு. பாப்கார்ன் டப்பாவுக்குக் கூம்பு வடிவ மூடி. கவிழ்த்தால் சில பொரிகளே விழும். எண்ணெய்க் கேனின் கூம்பு மூக்கை விவரித்த பழைய சுவிஸ் காப்புரிமை ஒன்று குறுக்கே நின்றது. அது பாப்கார்னுக்கானது அல்ல என்ற வாதம் எடுபடவில்லை. அந்தக் கூம்பின் வழியே பொரியும் விழக்கூடும் என்பதே போதுமானதாயிற்று. மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவரில் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

அங்கே, தெரிந்த பொருளைப் புதிதாகப் பயன்படுத்தும் செய்முறைக்குத் தனியே உரிமை கேட்கவாவது இடமுண்டு. நம் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவோ, தெரிந்த இயந்திரத்தையோ கருவியையோ வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "கொல்கத்தா குளிரில் நெய் உறைந்து மூக்கை அடைக்குமே, என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன். யோசித்தார். வெந்நீர் நிற்க இரட்டைச் சுவர் வைக்கலாமா என்றார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பயன், அமைப்பை மாற்றவைத்தால் அந்த மாற்றத்தைக் கோரலாம். அதுவும் முன்பே இருந்ததா, துறை அறிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதா என்று பார்ப்பார்கள். ஆகவே முதலில் பழைய காப்புரிமைகளைத் தேடச் சொன்னேன். விண்ணப்பிக்கும் முன் கடையில் நாலுபேர் பார்க்க வைக்காதே என்றும் எச்சரித்தேன். வெளியே தெரிந்துவிட்டால் புதுமை போய்விடும்.

கடன் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். இரட்டைச் சுவருக்குத் தகரம் வெட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.